பேரி மரமும் பெயர்ந்து வந்த நாமும்

பழமரங்களுள் பேரி மரத்துக்கு ஓர் இயல்பு உண்டு. நல்ல பேரிக்கனி ஒன்றின் விதையை எடுத்து நட்டால், முளைத்து வருவது பேரி மரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கனியைத் தந்த மரத்தைப் போன்றதாக இராது. சுவை வேறுபடும், வடிவு வேறுபடும், காய்க்கும் காலமும் வேறுபடும். தாய்மரத்தின் குணம் மாறாமல் மீண்டும் வேண்டுமானால், அதன் கிளையிலிருந்து ஒரு குச்சியை வெட்டி, வேறொரு வேரின்மேல் ஒட்டியாக வேண்டும். ஆகவே, ஒரு பேரி வகை நெடுங்காலம் நிலைத்திருக்கிறதென்றால், தலைமுறைதோறும் யாரோ ஒருவர் கத்தியும் கட்டுநாருமாக அதன் அருகே நின்றிருக்கிறார் என்பது பொருள். அந்த ஒருவர் இல்லாத தலைமுறையில் அந்த வகை மறைந்துபோகிறது.

கொடைக்கானல், குன்னூர், உதகை முதலிய மலையூர்களின் வீட்டுத் தோட்டங்களில் பழைய பேரி மரங்கள் நிற்கின்றன. அவ்வீடுகளில் பிறந்தவர்களுள் பலர் பிழைப்பின்பொருட்டு வெளி மாநிலங்களுக்குச் சென்றுவிட்டனர். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள்ளும் அத்தகையோர் உண்டு. அந்த மரங்களை வளர்க்கும் முறை யாது, தொலைவிலிருக்கும் நாம் அவற்றுக்காகச் செய்யத்தக்கது யாது என்னும் இரண்டையும் இன்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நாம் பேரிக்காய் என்கிறோம். கனிந்த பின்னரும் அதைப் பேரிப்பழம் என்று அழைப்போர் குறைவு. மரத்திலிருந்து கடினமாக இருக்கும்போதே பறித்து விற்பதால் காய் என்ற பெயரே நிலைத்துவிட்டது போலும். இந்தி பேசுவோர் இதனை நாஷ்பாதி என்பர். காஷ்மீரத்தார் தங் என்பர். ஆனால் மும்பைச் சந்தையில் 'பேரு' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது கொய்யாப்பழம்! மராத்தியில் பேரு என்பது கொய்யாவின் பெயர். 1534ஆம் ஆண்டு முதல் நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் தீவுகள் போர்ச்சுகீசியரின் ஆட்சியில் இருந்தன. அவர்கள் மொழியில் பேரா என்பது பேரிக்காய். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த கொய்யாவுக்கும் அந்தப் பெயரே ஏறிவிட்டது என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுவர். வங்காளத்தார் கொய்யாவைப் பெயாரா என்று அழைப்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்கு இது சுவையான செய்தி. பெயர் கடல் கடந்து வந்தது. மரம் கீழே தங்காமல் மலையேறிவிட்டது. பெயரை வேறொரு கனி ஏற்றுக்கொண்டது.

இனி மரத்தைக் காண்போம். உலகில் பயிராகும் பேரிகளை இரு பெருங்குடிகளாகப் பிரிக்கலாம். ஒன்று ஐரோப்பியப் பேரி. வெண்ணெய்போல் குழைந்து கனிவது. மற்றது கிழக்காசியப் பேரி. கடித்தால் நறுக்கென்று ஒலிப்பது, சாறு மிகுந்தது, மணல் கலந்ததுபோல் நாவில் படுவது. கனியின் சதைக்குள்ளே கல்போல் இறுகிய சிறு அணுத் திரள்கள் இருப்பதே அந்த மணல் உணர்ச்சிக்குக் காரணம். நம் மலைகளில் நாட்டுப் பேரி என்று வழங்குவதும் கடினமான காய்தான். சமைத்தும் பாகில் இட்டும் உண்ணத் தகுந்தது. அயலார் வகைகள் பல வந்து நோயிலும் மழையிலும் நலிந்தபோதும், இது உழைப்பாளியைப்போல் தாங்கி நின்றது. உயர்ந்த வகைகளை ஒட்டுவதற்கு வேர்ச்செடியாகவும் இதுவே பயன்படுகிறது.

நம் மலைகளில் பேரியைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் அமெரிக்கருமே ஆவர். உதகையில் ஆங்கிலேயர் குடியேற்றம் 1820களில் தொடங்கிற்று. கொடைக்கானலில் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1845இல் வீடமைத்தனர். தம் நாட்டு நினைவாக ஆப்பிள், பிளம், பீச்சு ஆகியவற்றோடு பேரியையும் அவர்கள் கொல்லையில் நட்டனர். குன்னூரில் சிம்ஸ் பூங்கா 1874இல் தோன்றிற்று. பின்னர் அவ்வூரில் பழமர ஆராய்ச்சிக்கென்றே நிலையமும் அமைந்தது. அயலார் நட்டதாயினும், நூறாண்டுக்கு மேலாக நம் மக்கள் நீர் வார்த்து, ஒட்டுக் கட்டி, ஆடி ஆவணியில் கூடை கூடையாக இறக்கிய மரத்தை இனி அயல்மரம் என்று சொல்லுதல் பொருந்தாது.

நீலகிரியில் நன்கு காய்க்கும் கீஃபர் என்னும் வகையின் வரலாறும் குடிபெயர்ந்தோர் வரலாறே. ஐரோப்பாவின் அல்சேசு நாட்டிலிருந்து அமெரிக்கா சென்ற பீட்டர் கீஃபர் என்பவர் பிலடெல்பியா நகரருகே நாற்றுப்பண்ணை நடத்திவந்தார். அவர் தோட்டத்திலிருந்த சீன மணற்பேரியின் விதையிலிருந்து தற்செயலாகப் புதுமரம் ஒன்று எழுந்தது. அருகிலிருந்த ஐரோப்பியப் பேரியின் மகரந்தம் அதில் கலந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தோர் முடிவு. 1870களில் அது கீஃபர் என்ற பெயரால் அறியப்பட்டது. கிழக்கின் உறுதியும் மேற்கின் மணமும் ஓரளவு கலந்த அந்த மரம், கடுங்குளிர் இல்லாத நாடுகளிலும் காய்க்கும் திறம் உடையது. ஆதலின் நம் நீலகிரியையும் அது தன் ஊராக ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு வினா எழும். மலையில் வளரும் மரத்தை மும்பையில் வளர்க்க முடியாதா? செம்பூரில் இன்னும் சிறு தோட்டமுள்ள வீடுகள் சில உண்டு. மொட்டை மாடியில் பாதிப் பீப்பாய்களில் மரம் வளர்ப்போரும் உண்டு. ஆர்வம் காரணமாக ஊரிலிருந்து பேரிக்கன்று கொண்டுவர நினைப்பவர்க்கு நாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கன்று பிழைக்கலாம், இலையும் விடலாம், காயை எதிர்பார்ப்பது வீண்.

காரணம் குளிர். குளிர்நாட்டு மரங்கள் ஆண்டுதோறும் இலையுதிர்த்து உறங்குகின்றன. அந்த உறக்கத்தின்போது, ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிரில் இத்தனை மணி நேரம் கழிந்தது என்று மரமே கணக்கு வைத்துக்கொள்வதுபோல் தோன்றுகிறது. கணக்கு நிறைந்தால்தான் மொட்டுகள் சீராக விழிக்கும். ஐரோப்பியப் பேரிகளுள் பலவற்றுக்கு 600 மணி முதல் 1,000 மணிக்கு மேலும் அத்தகைய குளிர் தேவைப்படும். கீஃபர் போன்றவற்றுக்கும் ஆசியப் பேரிகள் சிலவற்றுக்கும் அதைவிடக் குறைவே போதும். நம் மலைகளில் இவ்விரண்டாம் வகையினவே பெரிதும் வெற்றி பெற்றதன் மருமம் இதுதான். மும்பையிலோ, சாந்தாக்ரூசு நிலையத்தில் பதிவானவற்றுள் மிகக் குறைந்த வெப்பநிலையே 7.4 டிகிரிதான், அதுவும் 1962 சனவரி 22ஆம் நாள் ஒரு முறை. இந்நகரில் பேரி மரம் என்றென்றும் உறக்கமில்லாத மரமாகவே நிற்கும். உறங்காத மரம் பூப்பதில்லை.

வடக்கே வாழும் தமிழர்களுக்கு இந்தத் தடை இவ்வளவு இல்லை. பஞ்சாபின் சமவெளியில் பத்தர் நாக் என்னும் பேரி வகை தழைக்கிறது. பத்தர் என்றால் கல். பெயரே அதன் கடினத்தைச் சொல்லிவிடும். அங்கே குளிர்காலம் போதுமான அளவு கடுமையானது. கொல்லை வாய்த்தவர்கள் அதனை நட்டுப் பயன் பெறலாம்.

இனி, மலையில் நிலமோ வீடோ உள்ள நம் உறவினர்க்குப் பயன்படும் வகையில் வளர்ப்பு முறையைச் சுருக்கமாகச் சொல்வோம்.

வேர்ச்செடியாக நாட்டுப் பேரிக் கன்று ஏற்றது. தாய்மரம் இலையுதிர்த்து உறங்கும் மார்கழி, தை மாதங்களில், முந்தின ஆண்டு வளர்ந்த கிளையிலிருந்து பென்சில் பருமனில் ஒட்டுக்குச்சிகளை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு மொட்டுகள் இருந்தால் போதும். ஈரத்துணியில் சுற்றிப் பாலித்தீன் உறையில் இட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் குச்சிகள் சில வாரங்கள் கெடாமலிருக்கும். வேர்ச்செடியின் மொட்டுகள் விழிக்கத் தொடங்கும் வேளையில் ஒட்டுக் கட்டுவது நலம்.

ஒட்டுதலின் உயிர்நிலை ஒன்றே. பட்டைக்கும் உட்கட்டைக்கும் இடையே பசுமையான மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. வேர்ச்செடியின் வளர்படையும் குச்சியின் வளர்படையும் ஒரு பக்கமேனும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொட்டால் இரண்டும் ஒரே மரமாகும். தொடாவிட்டால் எத்தனை இறுகக் கட்டினாலும் குச்சி காயும். கத்தி கூர்மையாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். வெட்டிய வாயில் காற்றும் நீரும் புகாதபடி நாடாவால் சுற்றி மெழுகு பூச வேண்டும்.

இரண்டடி நீள அகல ஆழமுள்ள குழியில், மக்கிய தொழுவுரம் கலந்த மண்ணிட்டுக் கன்றை நடலாம். மரத்துக்கு மரம் 15 முதல் 20 அடி இடைவெளி வேண்டும். நீர் தேங்கும் இடம் ஆகாது. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி இருத்தல் வேண்டும். ஒட்டுக்குக் கீழே தளிர்ப்பனவற்றை அவ்வப்போது நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் வேர்ச்செடி ஓங்கி, ஒட்டிய வகை நலிந்துவிடும். மேற்பார்வை இல்லாத தோட்டங்களில் நல்ல மரம் 'கெட்டுப்போயிற்று' என்று சொல்லப்படுவதன் பின்னே பெரும்பாலும் இந்தக் கதையே இருக்கும்.

பேரி, குறுங்கிளைகளில் காய்ப்பது. கணுக்கணுவாக மடங்கி நிற்கும் அக்குறுங்கிளைகள் பல ஆண்டுகள் தொடர்ந்து பூக்கும். ஆகையால் கவாத்து செய்யும்போது பட்ட கிளைகளையும் ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் மட்டும் நீக்கிக் குறுங்கிளைகளைக் காத்தல் வேண்டும். வானை நோக்கி நேரே எழும் கிளைகளைக் கயிற்றால் மெல்ல வளைத்துக் கட்டினால் காய்ப்பு விரைந்து வரும். தனிமரம் பெரும்பாலும் நன்றாகக் காய்ப்பதில்லை. வேறு வகைப் பேரி ஒன்றும் அருகில் பூத்தால்தான் தேனீக்கள் மகரந்தத்தை மாற்றித் தரும். அண்டை வீட்டு மரத்தை வெட்டியபின் நம் வீட்டு மரம் காய்க்க மறுப்பது சாபத்தால் அன்று, துணையை இழந்ததால்தான். பறிக்கும் பக்குவத்தை அறிவதற்கும் எளிய வழி உண்டு. காயைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பார்க்கும்போது காம்பு எளிதில் விடுபட்டால் பருவம் வந்துவிட்டது. மரத்திலேயே கனிய விட்டால் மென்மையான வகைகள் உள்ளிருந்து அழுகும். வைக்கோலில் அடுக்கி வீட்டில் கனிய வைப்பதே முறை.

இவ்வளவும் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருக்கும் வரை மரத்துக்கு அச்சமில்லை. அச்சம் தொடங்குவது அவர் மறைந்த பின். பிள்ளைகள் மும்பையிலும் டில்லியிலும் இருக்கின்றனர். வீடு பூட்டிக் கிடக்கிறது. பாகப்பிரிவினை நடக்கிறது. பத்திரத்தில் நிலத்தின் அளவு எழுதப்படுகிறது, சுவர் எழுதப்படுகிறது, கிணறும் எழுதப்படுகிறது. பேரி மரத்தின் பெயரோ வகையோ எங்கும் எழுதப்படுவதில்லை. வாங்கியவர் விடுதி கட்டுகிறார். ஒரு பகலில் மரம் விறகாகிறது. அதே வகையை வேறெங்கும் ஒட்டி வைக்கவில்லையெனில், அன்று வீழ்ந்தது ஒரு மரம் மட்டுமன்று. ஒரு வகையே வீழ்ந்தது. அதன் கனிகளைத் தின்று எறிந்த விதைகள் ஆயிரம் முளைத்தாலும் அது திரும்பி வாராது.

ஒட்டு எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் தோன்றி வில்லியம்ஸ் என்று பெயர் பெற்ற பேரி அமெரிக்காவுக்குச் சென்றது. அது நின்ற தோட்டத்தைப் பின்னர் வாங்கிய ஈனாக் பார்ட்லெட் என்பவர் அதன் பழம்பெயரை அறியார். ஆகவே தம் பெயராலேயே ஊரெங்கும் பரப்பினார். இன்றும் ஐரோப்பாவில் வில்லியம்ஸ், அமெரிக்காவில் பார்ட்லெட் என்று ஒரே கனி இரு பெயரால் விற்கிறது. பெயர் மாறியும் குணம் மாறவில்லை. குடிபெயர்ந்தோராகிய நமக்கு இதில் ஆறுதல் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஒட்டு இருந்தால் பெயர் போனாலும் கனி பிழைக்கும். ஒட்டு இல்லையேல் பெயரை எவ்வளவு போற்றினும் பயனில்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஊரில் நிற்கும் மரம் எந்த வகை, யார் நட்டது, எப்போது காய்ப்பது என்பதை வயதானவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது. இரண்டாவது, கோடை விடுமுறைக்கு மட்டுமே ஊர் செல்லும் வழக்கத்தை ஒருமுறையேனும் மாற்றி மார்கழியிலோ தையிலோ செல்வது. குச்சி எடுக்கும் காலம் அதுவே. மூன்றாவது, அந்தக் குச்சியைக் குறைந்தது இரண்டு இடங்களில் ஒட்டச் செய்வது. ஒன்று உறவினர் தோட்டமாக இருக்கலாம். மற்றொன்று அண்டை வீட்டாருடையதாக இருக்கலாம். கொடைக்கானலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மலைப்பகுதிகளில் தோட்டக்கலைத் துறையின் பண்ணைகளும் உள்ளன. ஒட்டுக் கட்டத் தெரிந்தவரைக் காண அங்கே விசாரிக்கலாம்.

இனி, மும்பையில் நம் கைக்கு எட்டுவது என்ன? பேரி இங்கே வாராது, பேரு வரும். பழனி மலையின் உச்சிப்பகுதியில் பேரி விளைகிறதென்றால், அதே மலையின் அடிவாரத்தில் ஆயக்குடி கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர். மலையேற முடியாத நமக்கு அடிவாரம் கை கொடுக்கிறது. கொய்யாவும் விதையில் குணம் மாறுவதே. ஆனால் அதற்கு ஒட்டைவிட எளிய வழி ஒன்று உண்டு. அதுதான் விண்பதியன். மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான பாசியையோ மட்கிய மண்ணையோ அங்கே பொதிந்து, பாலித்தீன் தாளால் இறுகக் கட்டிவிட்டால், சில வாரங்களில் வேர் தெரியும். அதன்பின் கிளையை வெட்டித் தனிக்கன்றாக நடலாம். சூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் பெய்யும் மழை இதற்குப் பெருந்துணை. பீப்பாயிலும் கொய்யா காய்க்கும். கிளையை வளைத்துக் கட்டும் முறை இதற்கும் பொருந்தும். காய்களுக்குக் காகித உறையிட்டால் பழ ஈயின் தொல்லை குறையும்.

இந்த எளிய வித்தைக்கு மும்பையில் அவசரத் தேவையும் இருக்கிறது. செம்பூரிலும் மாதுங்காவிலும் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்புகின்றனர். அந்த வளாகங்களில் நம் பெரியோர் நட்ட கறிவேப்பிலையும் முருங்கையும் கொய்யாவும் மாவும் நிற்கின்றன. மரத்தை மனம்போல் வெட்டலாகாது என்று மகாராட்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975 முதல் வகை செய்திருக்கிறது, அனுமதி வேண்டும். அனுமதி பெற்று வெட்டும் மரமும் வெட்டப்பட்ட மரமே. சட்டம் தடியைக் காக்கலாம். வகையைக் காப்பது அம்மரத்தின் நிழலில் வளர்ந்தவர் கடமை. இடிக்கும் தேதி குறிக்கப்படுமுன் ஒரு மழைக்காலம் நமக்குக் கிடைத்தால், கொய்யாவுக்குப் பதியனும் மாவுக்கு ஒட்டும் கட்டிவிட முடியும். முருங்கையின் கொம்பை வெட்டி நட்டாலே போதும்.

இடம் இல்லை என்று நாம் சொல்லிவிடக் கூடாது. தாராவியின் அருகே மித்தி ஆற்றங்கரையில் குப்பைமேடாகக் கிடந்த நிலத்தில் மரம் நட்டு, மகாராட்டிர இயற்கைப் பூங்கா என்ற பெயரில் 1994இல் மக்களுக்குத் திறந்துவிட்டனர். இன்று அது சோலை. குப்பைமேட்டில் சோலை எழுந்த ஊரில், கூடிவாழும் வளாகமொன்றின் மூலையில் ஒரு கொய்யாவுக்கு இடம் இல்லாமற் போகாது.

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்து டான்வர்ஸ் நகரில் ஒரு பேரி மரம் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஆளுநர் என்டிகாட் என்பவர் நட்டது. புயல்கள் அதனை முறித்தன. 1964இல் தீயோர் சிலர் அதனை அறுத்துத் தள்ளினர். அடிக்கட்டையிலிருந்து அது மீண்டும் துளிர்த்தது. ஆயினும் அந்நாட்டார் துளிரை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஆரிகன் மாநிலத்துக் கார்வாலிஸ் நகரில், பேரி வகைகளைத் திரட்டிக் காக்கும் அரசுத் தோட்டத்தில், அதன் ஒட்டுமரம் ஒன்றையும் வளர்த்து வருகின்றனர். மூன்றரை நூற்றாண்டைக் கடந்த மரத்துக்கே மாற்றிடம் ஒன்று வேண்டியிருக்கிறதென்றால், நம் ஊர்க் கொல்லையில் நிற்கும் மரத்துக்கு வேண்டாமா?

பேரி நடுகிறவன் தன் வாரிசுக்காக நடுகிறான் என்று ஆங்கில நாட்டுத் தோட்டக்காரர் சொல்வதுண்டு. தமிழில் நமக்கு அது இன்னும் எளிது. பேரியை நடுவது பேரனுக்காக. அந்தப் பேரன் எந்த மாநிலத்தில் பிறப்பானோ, எந்த மொழியில் அந்தக் கனியின் பெயரைச் சொல்வானோ, நாம் அறியோம். அவன் கடித்துப் பார்க்க ஒரு மரம் நிற்க வேண்டுமாயின், வருகிற தை மாதத்தில் யாரேனும் ஒருவர் ஒரு குச்சியை வெட்டியாக வேண்டும்.